ஐந்தாவது ஏன்

"இந்தத் தாழ்ப்பாளைச் செஞ்ச மடையன் யாரு?"

ஹொகாரி வீட்டுப் பின்னறையில் நான் அப்படிக் கேட்டபோது என் இடது கை தெட்சுவோ சானின் தோளுக்கு அடியில் இருந்தது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன மனிதர். பாதி உடம்பைத் தூக்கிவிட்டேன். இனி வலது கையால் கட்டிலின் பக்கத் தடுப்பை இறக்க வேண்டும். தாழ்ப்பாளோ இரண்டு கை கேட்டது. ஒரு கை அதை இழுத்துப் பிடிக்க, இன்னொரு கை தடுப்பைத் தூக்கி விட. பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்களுக்கு மூன்று கை இருக்கும் என்று நினைத்துத்தான் யாரோ அந்தக் கட்டிலை வடிவமைத்திருக்க வேண்டும்.

"நான்தான்," என்றாள் அவர் மனைவி சுமியே, கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றபடி. "மாசம் மூவாயிரம் செய்யறோம்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "அப்ப நீங்களே வந்து இறக்குங்க," என்றேன்.

கிண்ணத்தை வைத்துவிட்டு வந்து ஒரு கையால் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். நகம் மடங்கியது.

"குமகுரா சான், ஆறு வருஷமா இதைச் செஞ்சு அனுப்பறேன். இதுக்குப் பக்கத்துல ஒரு மனுஷன் படுத்திருப்பான்னு ஒரு நாளும் நெனச்சுப் பாத்ததில்ல," என்றாள் என் பக்கம் திரும்பி.

"இப்பப் படுத்திருக்கேனே," என்றார் தெட்சுவோ சான், கோணிய வாயால். "இறக்கப் போறீங்களா, இல்ல நான் இப்படியே தொங்கவா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. எங்கள் ஊரான சுபாமேயில் தெருவுக்குத் தெரு ஒரு பட்டறை உண்டு. கரண்டி அடிப்பவர்கள், மெருகு போடுபவர்கள், அச்சு வெட்டுபவர்கள் எல்லாம் வீட்டோடு சேர்ந்த பட்டறைக்காரர்கள். ஹொகாரி பட்டறையில் நான்கு பிரஸ் மிஷின்கள், சுமியேயோடு எட்டுப் பேர். சுமியே யாஹிக்கோ மலையடியில் நெல் விளைவிக்கும் வீட்டில் பிறந்தவள். இருபத்து மூன்றில் மருமகளாக வந்து முதல் இரண்டு வருடம் முட்கரண்டிகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமனாருக்குக் கண் மங்கியதும் வரைபடம் படிக்க ஆள் இல்லை. தெட்சுவோ சானுக்கு இரும்பு தெரியும், காகிதம் ஆகாது. சுமியே தொழிற்பள்ளியில் மாலை வகுப்புக்குப் போய் வரையக் கற்றுக்கொண்டாள். வகுப்பில் இருபது ஆண்கள், ஒரு பெண். "அவங்க எல்லாரும் என்னை டீ போடச் சொன்னாங்க. போட்டேன். பரீட்சையில முதல் மார்க்கும் வாங்கினேன்," என்பாள். இதற்கு மேல் தன் வாழ்க்கையைப் பற்றி அவள் சொல்லி நான் கேட்டதில்லை. கணவர் விழுந்த பிறகு பட்டறையும் அவள் தலையில்தான்.

அந்தத் தாழ்ப்பாள் ஒரு பெரிய கம்பெனியின் வேலை. மருத்துவக் கட்டில் செய்கிற கம்பெனி. எங்கள் ஊரில் வேலை தருகிற கம்பெனியைத் தாய்க் கம்பெனி என்போம். பட்டறையின் பாதி வேலை அந்த ஒரு தாழ்ப்பாள்தான். எட்டுப் பேரில் நாலு பேர் அதை நம்பி இருந்தார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான் வாரத்தில் மூன்று நாள் அந்த வீட்டுக்குப் போவேன். நான் திட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு முறை போகும்போதும் கட்டிலில் வேறொரு தாழ்ப்பாள் இருக்கும். சுமியே கதவருகே நின்று பார்ப்பாள்.

"ஈரக் கையுறையோட இழுங்க."

"வழுக்குது."

"எந்த விரல்ல?"

"எல்லா விரல்லயும். மீன் பிடிக்கற மாதிரி இருக்கு."

அடுத்த முறை விரல் வைக்கிற இடத்தில் வரிகள் இருக்கும். அதற்கு அடுத்த முறை தடுப்பு தடாலென்று விழாமல் பாதியில் நின்று இறங்கும். ஏழாவது தாழ்ப்பாள் ஒரு கையில் திறந்தது. எனக்குப் போதும் என்று தோன்றியது. ஆனால் அன்றைக்குத் தெட்சுவோ சானைத் திருப்பும்போது செத்துப்போன அவருடைய இடது கை தடுப்புக்கு அடியில் சரிந்து, முன்கைத் தோல் இரண்டு விரல் அகலத்துக்கு உரிந்து வந்தது. படுக்கையிலேயே கிடக்கிற கிழவர்களின் தோல் நனைந்த காகிதம் போல. கத்தி வேண்டாம். வெட்டிய தகட்டின் ஓரத்தில் ஒரு பிசிறு இருந்தால் போதும். நான் கழுவி, தோலை மெல்ல இழுத்து மூடிக் கட்டுப்போட்டேன். சுமியே தாழ்ப்பாளைக் கழற்றி, அடிப்பக்க ஓரத்தைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"விரல் நம்ம வேலையில காச்சுப்போச்சு. அதுக்குத் தெரியாது," என்றாள்.

பதினோராவது தாழ்ப்பாளில் அடிப்பக்க ஓரம் உள்ளே மடிக்கப்பட்டிருந்தது. யார் கண்ணுக்கும் தெரியாத இடம். அந்த மடிப்புக்காகப் பிரஸ்ஸில் இரண்டு முறை கூடுதலாக அடிக்க வேண்டும். பட்டறையின் மூத்த ஆள் ஒசாமு சான் முணுமுணுத்தார். "கீழ யாரு படுத்துக்கிட்டா பாக்கப் போறாங்க?"

"கையி பாக்கும்," என்றாள் சுமியே.

அவள் வரைந்த படத்தை நான் பார்த்திருக்கிறேன். பென்சில் படம். அளவுகள் ஒரு பக்கம். ஓரம் முழுக்கச் சின்ன எழுத்தில் காரணங்கள். இங்கே வரி, ஏனென்றால் பராமரிப்பாளரின் கை ஈரமாக இருக்கும். இங்கே பாதியில் நிற்க வேண்டும், ஏனென்றால் அவருடைய மற்றக் கை நோயாளியின் தோளுக்கு அடியில் இருக்கும். இங்கே மடிப்பு, ஏனென்றால் உணர்ச்சியில்லாத கை இந்தப் பக்கம் சரியும், தோல் உரியும், நோயாளிக்கே தெரியாது. எங்கள் வேலையைப் பற்றி அரசாங்கம் எனக்குத் தந்த பாடப்புத்தகத்தைவிட அந்த ஓரத்தில் அதிகம் இருந்தது.

தாய்க் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினாள். குவாபரா என்று ஒரு பொறியாளர் வந்தார். நாற்பது வயது தாண்டியவர், வயிற்றுப்புண்காரர், பை நிறைய மாத்திரை. ஒரு வாரத்துக்கு என்று வந்தவர் மூன்று மாதம் பட்டறையிலேயே இருந்தார். அது இந்தத் தொழிலில் வழக்கம்தான். அவர்கள் ஆள் இங்கே வந்து உட்கார்வார், நம் ஆள் அங்கே போய் உட்கார்வார். நாம் அளப்பதை அவர்கள் பார்ப்பார்கள், அவர்கள் சோதிப்பதை நாம் பார்ப்போம். அப்படித்தான் இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள் ஆகிறார்கள். இதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. குவாபரா சான் பிரஸ்ஸில் நின்று கையை அழுக்காக்கிக்கொண்டார். ஸ்பிரிங்கின் கம்பியை ஒரு சுற்று குறைத்தால் திறப்பது இன்னும் லேசாகும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். மதியம் கடையிலிருந்து நூடுல்ஸ் வரும், மேலே விரல் கனத்துக்குப் பன்றிக் கொழுப்பு மிதக்கும். வயிற்றுப்புண்ணோடு அதையும் குடித்தார்.

"செத்துருவீங்க, குவாபரா சான்," என்பாள் பட்டறையில் வேலை செய்த நோரியே.

"இந்த சூப்புக்காகச் செத்தா பரவால்ல," என்பார்.

கடைசி நாள் சுமியே பென்சில் படத்தை உறையில் போட்டு அவரிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள். மூலப் படத்தையே. நகல் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் இப்படி ஒரு பெருமை உண்டு. நகலைக் கொடுத்தால் நம்பவில்லை என்று அர்த்தமாம். மூலத்தைக் கொடுப்பதுதான் நேர்மையாம். "பைத்தியக்காரத்தனம்," என்றேன் நான். "அவரு நம்ம வீட்டு ஆளு மாதிரி, குமகுரா சான்," என்றாள்.

இரண்டு மாதம் கழித்துப் படம் திரும்பி வந்தது. அச்சடித்த படம். மூலையில் கட்டத்துக்குள் தாய்க் கம்பெனியின் பெயர், அவர்களின் எண், மூன்று முத்திரைகள். சுமியேயின் அளவுகள் ஒன்றுவிடாமல் இருந்தன. ஓரத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. கூடவே ஒரு கடிதம்: இந்தப் படம் எங்கள் உடைமை, உங்களுக்கு இரவலாகத் தரப்படுகிறது, வேலை முடிந்ததும் திருப்பித் தரவும், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை இடவும்.

அவள் பெற்ற பிள்ளையை அவளுக்கே இரவல் கொடுத்தார்கள். அவளும் கையெழுத்துக்குப் பதிலான தன் முத்திரையை இட்டாள். ஏன் இட்டாய் என்று இப்போது கேட்பது சுலபம். அப்போது எல்லாரும் இட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் தாய்க் கம்பெனிக்கு வேலை செய்கிற பட்டறைக்காரர்கள் கூடுகிற ஆண்டுக் கூட்டத்தில் சுமியேயை மேடை ஏற்றினார்கள். முன்பு எப்படி, இப்போது எப்படி என்று அட்டையில் படம் ஒட்டி விளக்கச் சொன்னார்கள். அறுபது பட்டறைக்காரர்கள் கைதட்டினார்கள். சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். தெட்சுவோ சான் கட்டிலிலிருந்தே அதைப் பார்த்துவிட்டு, "கண்ணாடியில பிசிறு இருக்கு," என்றார். அடுத்த குளிர்காலத்தில் நிமோனியா வந்து போய்ச் சேர்ந்தார். கட்டிலை வாடகைக் கடைக்காரர் வந்து எடுத்துப் போனார். நான் முதியோர் இல்லத்துக்கு வேலை மாறினேன். அங்கே எழுபத்திரண்டு கட்டில்கள், எல்லாம் அதே கம்பெனி, எல்லாவற்றிலும் சுமியேயின் தாழ்ப்பாள். என் இடுப்பு இன்றைக்கும் நிமிர்ந்து நிற்கிறது என்றால் அதற்கு அந்தத் தாழ்ப்பாளும் ஒரு காரணம்.

புதுத் தாழ்ப்பாள் வந்த மூன்றாவது வருடம் தாய்க் கம்பெனியின் கொள்முதல் பிரிவுத் தலைவர் நிஷிவாகி பட்டறைக்கு வந்தார். பளபளக்கும் காலணி, இனிப்புப் பெட்டி. இந்த மனிதர்கள் இனிப்புப் பெட்டியோடு வந்தால் கதவைச் சாத்திவிட வேண்டும். சுமியே டீ கொடுத்தாள். நான் அன்றைக்கு அவளுடைய வீட்டுப் பின்பக்கம் முள்ளங்கி வாங்கப் போயிருந்தேன். இடையில் ஒரு காகிதக் கதவுதான், எல்லாம் கேட்டது.

"ஹொகாரி சான், ரொம்ப நாளா உழைச்சிருக்கீங்க. ஏப்ரல்லேருந்து தாழ்ப்பாளைக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி செய்யும். டிராயிங் எங்களுது. உங்களுக்குத் தொந்தரவு வராது."

"இங்க எட்டுப் பேரு இருக்கோம், நிஷிவாகி சான்."

"தெரியும். கட்டில் சக்கரத்துக்கு அடிக்கற சக்கரத் தட்டு வேலை உங்ககிட்டயே இருக்கும். முயற்சி பண்றேன்."

"அப்படின்னா ஒண்ணு கேக்கறேன். அங்க செய்யறவங்களுக்கு நானே போய்ச் சொல்லிக் குடுத்துட்டு வரேன். பத்து நாள் போதும். டிராயிங்ல இல்லாத விஷயம் இருக்கு."

"டிராயிங்ல இல்லாதது எதுவும் வேணாமே," என்று சிரித்தார் அவர். "டிராயிங்கே போதும்."

வேலையைப் பிடுங்குகிறவனிடம், பிடுங்கிக்கொள், ஆனால் சரியாகச் செய் என்று கெஞ்சிய பெண் அவள். அதற்கும் அவருக்கு நேரமில்லை. ஏப்ரலில் வேலை போனது. மே மாதம் இரண்டு பேர் வேறு இடம் தேடிப் போனார்கள். ஒசாமு சான் வாரம் மூன்று நாள் என்று ஆனார். மிச்சம் இருந்தது சக்கரத் தட்டு ஒன்றுதான்.

அதற்கு அடுத்த வருடம் எங்கள் இல்லத்தில் புதுக் கட்டில்கள் வந்தன. ஜூன் மாதம் ஒரு காலை, தொண்ணூற்றொரு வயது சாயெகி பாட்டியின் படுக்கை விரிப்பில் ரத்தம். முன்கைத் தோல் முழங்கை வரை சுருண்டு கிடந்தது. அவருக்கே தெரியவில்லை. "என் கையுறையை யாரோ கழட்டிட்டாங்க," என்றார், தன் தோலைப் பார்த்து.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து, கையுறை போட்ட விரலால் தாழ்ப்பாளின் அடிப்பக்கத்தைத் தடவினேன். கையுறை கிழிந்தது. தொலைபேசியை எடுத்துச் சுமியேயைக் கூப்பிட்டேன்.

"உங்க தாழ்ப்பாளை என்ன செஞ்சு வச்சிருக்காங்க?"

"யாரு, குமகுரா சானா? என்ன ஆச்சு?"

"வந்து பாருங்க."

இருபது நிமிடத்தில் பட்டறை உடையோடு வந்தாள். தரையில் மல்லாந்து படுத்துக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள்.

"மடிப்பு இல்ல," என்று கேட்டது குரல். "மடிப்பையே எடுத்துட்டாங்க."

வெளியே வந்தபோது அவள் கன்னத்தில் ஒரு சிவப்புக் கீறல். அவளை அவ்வளவு கோபத்தோடு நான் பார்த்ததில்லை. பிறகுதான் தெரிந்தது. தாய்க் கம்பெனியில் செலவைக் குறைக்க ஒரு கூட்டம் போட்டிருக்கிறார்கள். படத்தை மேசையில் விரித்து, இந்த மடிப்பு எதற்கு என்று யாரோ கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடம், பிரஸ்ஸில் இரண்டு முறை அடிப்பது மிச்சம். படத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். கடலுக்கு அப்பால் செய்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. கொடுத்த படத்தை அப்படியே செய்திருக்கிறார்கள், நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

நான் இல்லத்தின் பெயரில் புகார் எழுதினேன். பத்து நாளில் தாய்க் கம்பெனிக்காரர்கள் மன்னிப்புக் கேட்க வந்தார்கள். நிஷிவாகி, அவருக்குப் பின்னால் குவாபரா சான், அவருக்கும் பின்னால், கறுப்பு உடையில், சுமியே. மூன்று பேரும் வரிசையாக நின்று இடுப்பு வளையக் குனிந்தார்கள்.

நான் நிஷிவாகியைத் தாண்டி அவளிடம் போனேன்.

"ஹொகாரி சான், நீங்க எதுக்குக் குனியறீங்க?"

அவள் நிமிரவில்லை. நிஷிவாகிதான் பதில் சொன்னார். "இந்தப் பாகத்தோட மூல வடிவம் ஹொகாரி பட்டறையோடது. மடிப்போட அவசியத்தை அவங்க எங்களுக்குப் போதிய அளவு தெரிவிக்கல. அதனால அவங்களும் வந்து..."

"மூல வடிவம் அவங்களோடதா?" என்றேன். "போன வருஷம் டிராயிங் எங்களுதுன்னு சொன்னீங்களே. கதவுக்கு அந்தப் பக்கம் நான் முள்ளங்கியோட நின்னுக்கிட்டிருந்தேன்."

அவர் முகம் மாறவில்லை. இந்த வேலைக்கு அப்படிப்பட்ட முகம்தான் வேண்டும் போலிருக்கிறது. வேலையைப் பிடுங்கிக் கொடுக்கும்போது படம் அவர்களுடையது. விரிப்பில் ரத்தம் விழுந்ததும் படம் ஹொகாரியுடையது. நான் முப்பத்தைந்து வருடம் கிழவர்களின் மலத்தைத் துடைத்திருக்கிறேன், அதில் எனக்குக் குமட்டல் வந்ததில்லை.

குவாபரா சான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே சுமியேயிடம் ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். பட்டறைக்காரர்கள் எல்லாரும் அறிந்த தாள். ஒரு தவறு நடந்தால், ஏன் என்று கேட்டு எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கு மறுபடி ஏன். இப்படி ஐந்து முறை. வேருக்குப் போய்விடலாம் என்பது கணக்கு. நல்ல பழக்கம்தான், எங்கள் இல்லத்தில் யாராவது விழுந்தால் நானும் அப்படித்தான் கேட்பேன். ஆனால் எந்தக் காகிதத்திலும் எழுதாத விதி ஒன்று அதில் உண்டு. ஐந்தாவது பதிலில் வருகிற குற்றம், எழுதுகிற பட்டறையின் சுவருக்கு உள்ளேயே விழ வேண்டும். தாய்க் கம்பெனியின் வாசல் வரைகூடப் போகக் கூடாது. எழுதிக் கொடுத்துக் குனிந்தால், சக்கரத் தட்டு வேலை தொடரும், தாழ்ப்பாளும் திரும்பி வரலாம் என்று நிஷிவாகி காரில் வரும்போதே சொல்லியிருந்தார். இல்லையென்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

சுமியே பட்டறை மேசையில் தாளை விரித்தாள். மிச்சமிருந்த ஐந்து பேரும் சுற்றி நின்றார்கள். நான் கட்டுத்துணி மாற்றுகிற சாக்கில் போயிருந்தேன், அவள் கன்னத்துக் கீறல் பழுத்திருந்தது.

"எழுதிக் குடுத்துடுங்க," என்றார் ஒசாமு சான். "நாம சொல்லலன்னு எழுதினா என்ன கொறஞ்சு போச்சு? வேலை வரும்."

"உங்களுக்கென்ன, பென்ஷன் வருது," என்றாள் நோரியே.

"அதான் சொல்றேன், உனக்காகத்தான் சொல்றேன்!"

"எனக்காகப் பொய் சொல்லச் சொல்லாதீங்க. என் கையாலதான் அந்த மடிப்பை அடிச்சேன், மாசம் மூவாயிரம். ஒண்ணாவது தப்பினதா?"

சுமியே அவர்களைப் பேசவிட்டாள். பிறகு எழுதினாள். நான் தோளுக்கு மேலிருந்து படித்தேன்.

ஏன் தோல் கிழிந்தது? தகட்டின் ஓரம் கூராக இருந்ததால். ஏன் கூராக இருந்தது? மடிப்பை எடுத்துவிட்டதால். ஏன் எடுத்தீர்கள்? அது எதற்கென்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாததால். ஏன் தெரியவில்லை? படத்தில் காரணம் எழுதப்படாததால். ஏன் எழுதப்படவில்லை? எங்கள் படத்தில் எழுதியிருந்தோம். உங்கள் படமாக மாற்றியபோது நீங்கள் அழித்தீர்கள். அதன் பிறகு எங்களைக் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்ல வந்தபோது வேண்டாம் என்றீர்கள்.

முத்திரையை மையில் அழுத்தி அடித்தாள். ஒசாமு சான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நல்லாப் போச்சு. நாளையிலேருந்து தோட்டத்துக்குப் போறேன்," என்றார்.

நான்கு நாளில் தாள் திரும்பி வந்தது. ஐந்தாவது பதிலின் மேல் சின்ன மஞ்சள் சீட்டு: மறுபடி யோசித்து எழுதவும். அவள் புதுத் தாள் எடுத்து அதே பதிலை அதே எழுத்தில் எழுதி அனுப்பினாள். அதுவும் திரும்பி வந்தது. இம்முறை நிஷிவாகி தொலைபேசியில் பேசினார்.

"ஹொகாரி சான், உங்களைக் காப்பாத்தத்தான் பாக்கறேன். உங்க படத்துல காரணம் இருந்ததுக்கு ஆதாரம் இருக்கா? நகல் இருக்கா?"

"இல்ல. மூலத்தையே குடுத்தேன்."

"அப்ப எப்படி?"

"உங்ககிட்டதான இருக்கும். தேடிப் பாருங்க."

"அந்த மாதிரி எதுவும் எங்க பதிவுல இல்ல."

மூன்றாவது முறையும் அதையே எழுதினாள். அந்த வாரம் சக்கரத் தட்டு வேலைக்கான மாத ஆர்டர் சீட்டு வரவில்லை. தாமதம் என்றார்கள். மிஷின்கள் நின்றன. பிரஸ் ஓடாத பட்டறையில் பேசினால் குரல் பெரிதாகக் கேட்கிறது, எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். சுமியே சும்மா இருக்கவில்லை. மிஷின்களைத் துடைத்தாள், எண்ணெய் போட்டாள். பிறகு பக்கத்து ஊரான சான்ஜோவில், பனி அள்ளும் மண்வெட்டி செய்கிற ஒருவரிடம் போய் வேலை கேட்டாள். அவர் யோசிக்கிறேன் என்றார்.

"பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு," என்றாள். "ஆனா ஒண்ணு, குமகுரா சான். நாங்க சொல்லலன்னு நான் எழுதிட்டா, அடுத்த தடவையும் அவங்க அழிப்பாங்க. கேட்டா, ஹொகாரி சொல்லலன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. அப்ப எந்தப் பாட்டியோட கையோ?"

அந்தத் தாளை முடித்து வைத்தது அவள் இல்லை. தாள் தாய்க் கம்பெனிக்குள் மேலே போக வேண்டுமானால் பொறியாளர் கட்டத்தில் ஒரு முத்திரை விழ வேண்டும். அந்தக் கட்டம் குவாபரா சானுடையது. மூன்றாவது தாளையும் நிஷிவாகி திருப்பி அனுப்பச் சொன்னபோது அவர் அனுப்பவில்லை. ஐந்தாவது பதிலுக்குக் கீழே, "சரி. ஓரக் குறிப்புகளை அழித்தவன் நான். படிவத்தில் அவற்றுக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டதால் அழித்தேன். மூலப் படத்தைக் கிழித்தவனும் நான்," என்று எழுதி முத்திரை வைத்து, நிஷிவாகியைத் தாண்டி நேராகத் தரக் கட்டுப்பாட்டுத் தலைவரிடம் கொடுத்துவிட்டார். அவரைப் புகழ எனக்கு மனமில்லை. மூன்று மாதம் அந்தப் பட்டறையில் உட்கார்ந்து சூப்பைக் குடித்தவர், இதைச் சாயெகி பாட்டியின் கை கிழிவதற்கு முன்பே செய்திருக்கலாம். ஆனாலும் செய்தார். இலையுதிர்காலத்தில் அவரை வடக்கே ஏதோ கிளைக்கு மாற்றினார்கள்.

தாள் மேலே போன பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நாடு முழுக்க விற்ற கட்டில்களில் தாழ்ப்பாளை மாற்ற வேண்டும். ஆறு வாரத்துக்குள் மடிப்போடு செய்து தரக்கூடிய ஒரே பட்டறை ஹொகாரி. வேலை திரும்பி வந்தது, சக்கரத் தட்டும் வந்தது. வெளியே போன இருவரில் ஒருவர் திரும்பினார். கம்பெனி சுமியேயிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சாயெகி பாட்டிக்கு மட்டும் பழக்கூடை வந்தது. அவர் அதற்குள் கை ஆறி, யார் என்ன என்று மறந்துபோயிருந்தார். அடுத்த வருட விளம்பரத் தாளில் "எங்கள் கம்பெனியின் புதிய கண்டுபிடிப்பு: தோலைக் காக்கும் மடிப்பு" என்று வண்ணத்தில் போட்டிருந்தார்கள். நான் அதைச் சுமியேயிடம் காட்டினேன். படித்துவிட்டு, கை துடைக்க ஆகும் என்று மிஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

இந்த வசந்தத்தில் நிஷிவாகி மறுபடி வந்தார், புதுப் பொறியாளர் ஒருவரோடு. கட்டிலின் கால்பக்கத்துக்கு ஒரு புதுத் தாழ்ப்பாள் வேண்டுமாம். சுமியே ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தாள். மூலையில் கட்டம், கட்டத்துக்குள் ஹொகாரி பட்டறை, அவளுடைய முத்திரை. ஓரம் முழுக்கச் சின்ன எழுத்து.

"ரொம்ப நன்றி," என்று நிஷிவாகி படம் இருந்த உறையை எடுத்தார். "ஆய்வுக்கு எடுத்துட்டுப் போறோம்."

"இங்கயே உக்காந்து பாருங்க," என்றாள் சுமியே, உறையைத் திரும்ப வாங்கிப் படத்தை மேசையில் விரித்தபடி.

"இல்ல, எங்க ஆளுங்க எல்லாரும் பாக்கணும்."

"அவங்களும் வரட்டும். இடம் இருக்கு."

"ஒரு நகலாவது?"

"ஒப்பந்தம் எழுதி, எங்க பேரோட, ஓரத்து எழுத்தோட தரேன். அதுக்கு முன்னால இங்கதான்."

நிஷிவாகி பொறியாளரைப் பார்த்தார், பொறியாளர் படத்தைப் பார்த்தார். சுமியே ஒரு நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டாள். நோரியே இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்சம் தயங்கி, கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, நிஷிவாகி உட்கார்ந்து ஓரத்து எழுத்தின் முதல் வரியைப் படிக்க ஆரம்பித்தார்.